அறநிலையத் துறைக் கோயில்களில் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் வேலை தேடும் இளைஞர்களுக்கும், இளமை தாண்டிய சிலருக்கும், விண்ணப்பம் நிரப்ப உதவி வருகிறேன். கோயில் வேலை விளம்பரம் ஒன்று வந்துவிட்டால் போதும், அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஒரே வகையான சந்தேகங்களைத்தான் வெவ்வேறு முகங்கள் கேட்கின்றன. தவறான நம்பிக்கையோடு பணத்தை இழந்தவர்களையும், எல்லாத் தகுதியும் இருந்தும் ஒரு உறையின் மேல் எழுத வேண்டியதை எழுதாமல் வாய்ப்பை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இவை தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையத் துறையையும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களையும் பற்றியவை.

அறநிலையத் துறை வேலை என்றால் அரசு வேலைதானே?

பாதிதான் சரி. இந்தக் கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பல சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

இங்கே வேலை தருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் துறை. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆணையர் அலுவலகம், மண்டலங்களில் இணை ஆணையர் அலுவலகங்கள், அவற்றின் கீழ் உதவி ஆணையர்கள், ஆய்வர்கள் என்று நீளும் அரசு நிர்வாகம் அது. அங்கே பணியாற்றும் இளநிலை உதவியாளர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் எல்லாரும் அரசு ஊழியர்கள். சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வரும்.

இன்னொருவர் கோயில். துறையின் மேற்பார்வையில் 44,000க்கும் மேற்பட்ட கோயில்களும் அறநிறுவனங்களும் உள்ளன. ஒரு கோயிலின் காவலர், சீட்டு விற்பனையாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் அந்தக் கோயிலின் பணியாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் கோயில் நிதியிலிருந்து, அதாவது உண்டியல், கட்டணம், குத்தகை, வாடகை போன்ற வருமானத்திலிருந்து தரப்படுகிறது. சட்டப்படி அவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அவர்களுடைய பணி விதிகள் தனி; 2020இல் வெளியான இந்து சமய நிறுவனப் பணியாளர்கள் பணி நிபந்தனை விதிகள் அவர்களுக்குப் பொருந்தும்.

கோயில் வேலை மட்டமானது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். முறையான நியமனம், ஊதிய விகிதம், ஆண்டு ஊதிய உயர்வு எல்லாம் அங்கும் உண்டு. ஆனால் ‘கவர்ன்மெண்ட் வேலை கிடைத்துவிட்டது’ என்று சொல்லிப் பெண் பார்க்கப் போவதற்கு முன் இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘இந்து சமய அறநிலையத் துறை’ என்றுதான் இருக்கிறது. எது துறை வேலை, எது கோயில் வேலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விண்ணப்பம் யாருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘இணை ஆணையர் / செயல் அலுவலர், அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயில், பழனி’ என்பது போலக் கோயில் பெயர் இருந்தால் அது கோயில் வேலை. பெரிய கோயில்களில் இணை ஆணையர் நிலை அதிகாரியே, கோயில் நிர்வாகத்தை நடத்தும் செயல் அலுவலராக இருப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கோயில் பெயரே இல்லாமல் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தின் முகவரி மட்டும் இருந்தால், அந்த அலுவலகத்துக்கான ஓட்டுநர், அலுவலக உதவியாளர் போன்ற அரசுப் பணியாக இருக்கும்.

துறையின் இளநிலை உதவியாளர், தட்டச்சர் இடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு வழியாக நிரப்பப்படுகின்றன. செயல் அலுவலர் பதவிகளுக்கும் தேர்வாணையமே தேர்வு நடத்துகிறது. நான்காம் நிலைச் செயல் அலுவலருக்கு உரியது குரூப் 8. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மூன்றாம் நிலைக்கு குரூப் 7பி, முதல் நிலைக்கு குரூப் 7ஏ. இந்தப் பக்கம் பெரும்பாலும் கோயில் வேலைகளைப் பற்றியது. ஏனெனில் குழப்பமும் ஏமாற்றமும் அங்கேதான் அதிகம்.

நான் பத்தாம் வகுப்புத் தாண்டவில்லை. எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா?

கிடைக்கும். காவலர், இரவுக் காவலர், தோட்டக்காரர், தூய்மைப் பணியாளர், திருவலகு, பலவேலை, கால்நடை பராமரிப்பாளர் போன்ற இடங்களுக்கு விளம்பரங்கள் பொதுவாகக் கேட்பது ‘தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்’ என்பதைத்தான். அலுவலக உதவியாளர், ஓட்டுநர் ஆகியவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பது வழக்கம். ஓட்டுநருக்கு உரிமத்தோடு முதலுதவிச் சான்றும் கேட்பார்கள். அதைக் கடைசி வாரத்தில் தேடி அலைபவர்கள் பலர். ஓட்டுநர் வேலை தேடுகிறவர் விளம்பரம் வருவதற்கு முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

எழுதப் படிக்கத் தெரியும் என்பதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். நேர்முகத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள், நான்கு வரி எழுதச் சொல்வார்கள். பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆனவர்கள் தினமும் அரைமணி நேரம் செய்தித்தாளை வாய்விட்டு வாசித்துப் பழகுங்கள்.

திருவலகு, பரிசாரகர், சுயம்பாகி, மெய்க்காவல் என்றெல்லாம் இருக்கிறது. இவையெல்லாம் என்ன வேலை?

திருவலகு என்பது கோயிலின் உட்புறத்தைக் கூட்டி, கழுவித் தூய்மையாக வைக்கும் பணி. பரிசாரகர் சந்நிதியில் பூசைக்கு உதவுபவர். தண்ணீர் கொண்டுவருவது, பூசைப் பாத்திரங்களை எடுத்து வைப்பது அவர் பொறுப்பு. சுயம்பாகி மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். மெய்க்காவலர் சந்நிதியையும் திருமேனிகளையும் காப்பவர். மாலைகட்டி, ஓதுவார், நாதசுரம், தவில், தாளம் ஆகியவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்படிப் பூசையோடும் சந்நிதியோடும் ஒட்டிய பணிகளை உள்துறை என்பார்கள். அலுவலகம், சீட்டு விற்பனை, காவல், தோட்டம் போன்றவை வெளித்துறை. மின் பணியாளர், குழாய்ப் பணியாளர், பம்ப் இயக்குபவர், பழனியில் விஞ்ச் இயக்குபவர் போன்றவை தொழில்நுட்பப் பிரிவு. உள்துறைப் பணிகளுக்குப் படிப்பை விட வேலை தெரிந்திருப்பதுதான் முக்கியம். ஓதுவாருக்குத் தேவாரப் பாடசாலைச் சான்றும், நாதசுரம், தவில் வாசிப்பவருக்கு இசைப்பள்ளிச் சான்றும், சுயம்பாகிக்கு அந்தந்தக் கோயில் வழக்கப்படி நைவேத்தியம் தயாரிக்கும் அனுபவமும் கேட்பார்கள்.

அர்ச்சகர் பணி தனிக் கதை. ஆகம முறைக் கோயில்களில் அர்ச்சகர் நியமனம் அந்தந்த ஆகமப்படியே இருக்க வேண்டும் என்று 1972இல் உச்ச நீதிமன்றமும் 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளன. காவலர் வேலைக்கு விண்ணப்பிப்பவர் அந்த வழக்குகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி முடித்தவர்களுக்கு?

இளநிலை உதவியாளர், சீட்டு விற்பனையாளர் இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அடிப்படைத் தகுதி. தட்டச்சருக்கு அதோடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் தேர்ச்சியும் கணினிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். தமிழில் முதுநிலையா, ஆங்கிலத்தில் இளநிலையா என்ற விவரத்தை விளம்பரத்தில் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். மின் பணியாளருக்கு ஐ.டி.ஐ. சான்றோடு மின் உரிம வாரியத்தின் சான்றும் கேட்பார்கள்.

பட்டதாரிகள் காவலர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்றால், விண்ணப்பிக்கலாம். பலர் விண்ணப்பிக்கவும் செய்கிறார்கள். ஆனால் பட்டத்துக்காக உங்களைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள் என்று எண்ண வேண்டாம். இரவு முழுக்க ராஜகோபுர வாசலில் நிற்பதற்கு நீங்கள் தயாரா என்பதுதான் அங்கே கேட்கப்படும்.

எனக்கு 41 வயது ஆகிவிட்டது. இனிமேல் முயற்சி செய்து பயன் உண்டா?

உண்டு. கோயில் பணி விளம்பரங்களில் அண்மை ஆண்டுகளில் 18 வயது நிறைந்தவராகவும் 45 வயதுக்கு மேற்படாதவராகவும் இருக்க வேண்டும் என்றே பார்க்கிறோம். வயதைப் பெரும்பாலும் விளம்பரம் வரும் ஆண்டின் ஜூலை 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். விண்ணப்பிக்கும் நாளை வைத்து நீங்களே கணக்குப் போட்டுத் தகுதி இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

துறை வேலைகளில் வரம்பு வேறு. மண்டல அலுவலகங்களின் ஓட்டுநர், அலுவலக உதவியாளர் இடங்களுக்குப் பொதுப்பிரிவினருக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 34, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 37 என்பதுதான் வழக்கமான கணக்கு. நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கோயில் வேலையில் வழி திறந்திருப்பதால்தான் அதைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விளம்பரம் எங்கே வருகிறது? எனக்கு எப்போதும் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது.

மூன்று இடங்களில் வரும்: கோயிலின் அறிவிப்புப் பலகை, துறையின் இணையதளமும் அந்தக் கோயிலின் இணையதளமும், நாளிதழ். சின்னக் கோயிலாக இருந்தால் நாளிதழில் ஒரு மூலையில் சில வரிகள்தான் இருக்கும். உங்கள் மாவட்டத்தில் உள்ள பெரிய கோயில்கள் எவை என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை துறையின் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். மாதம் ஒருமுறை சாமி கும்பிடப் போகும்போது அறிவிப்புப் பலகையையும் ஒரு பார்வை பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். மூன்று ஆண்டுக்கு முந்தைய விளம்பரத்தை வெட்டித் தேதியில்லாமல் பரப்புவது வாடிக்கையாகிவிட்டது. மூல அறிவிப்பின் பி.டி.எஃப். கையில் இல்லாமல் உறையை ஒட்டாதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறேன், அவர்களே அழைப்பார்கள் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நேரடி விளம்பரம் வந்தால் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆன்லைனில் விண்ணப்பிக்கலாமா?

தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளுக்கு ஆன்லைன். கோயில் வேலைகளுக்கு இன்னும் பெரும்பாலும் காகிதம்தான். படிவத்தைக் கோயில் அலுவலகத்திலோ இணையதளத்திலோ பெற்று, கையால் நிரப்பி, நேரிலோ அஞ்சலிலோ கொடுக்க வேண்டும். சில கோயில்கள் படிவத்துக்கோ விண்ணப்பத்துக்கோ ஒரு சிறிய கட்டணம் வாங்கும். அதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாள் மாலை 5.45 மணிக்குள் என்று விளம்பரம் சொன்னால், அதற்குள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று பொருள். அன்று தபாலில் போட்டால் போதாது. தபால் தாமதத்துக்குக் கோயில் பொறுப்பில்லை என்று விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். உள்ளூர்க் கோயிலாக இருந்தால் நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்வதையே நான் எல்லாருக்கும் சொல்கிறேன். பின்னால் ஒரு சிக்கல் வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த நகல்தான்.

காவலர், தோட்டக்காரர், அலுவலக உதவியாளர் மூன்றுக்கும் தகுதி இருக்கிறது. ஒரே உறையில் அனுப்பலாமா?

கூடாது. ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனி விண்ணப்பம், தனி உறை. உறையின் மேல் எந்தப் பணியிடம், விளம்பரத்தில் அதன் வரிசை எண் என்ன என்று தெளிவாக எழுத வேண்டும். இதை எழுதாத உறைகளைப் பிரிக்காமலே ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. பெரிய கோயில்களுக்கு மூட்டை மூட்டையாக விண்ணப்பங்கள் வருகின்றன. பெயர் இல்லாத உறையை எந்தக் கட்டில் சேர்ப்பது என்று எழுத்தர் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்.

சுயவிலாசமிட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வைக்கச் சொல்வார்கள். எத்தனை ரூபாய்த் தபால்தலை என்று குறிப்பிட்டிருக்கிறதோ அதே மதிப்புக்கு ஒட்டுங்கள். நேர்முகத்துக்கு அழைப்பு அந்த உறையில்தான் வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆறு மாதம் கழித்தும் தபால் வந்து சேரும் முகவரியைக் கொடுங்கள்.

என்னென்ன சான்றிதழ் வேண்டும்? சான்றொப்பம் யாரிடம் வாங்குவது?

கல்விச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, சாதிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, நன்னடத்தைச் சான்று ஆகியவை எல்லா விளம்பரங்களிலும் ஏறத்தாழ இருக்கும். பணிக்கு ஏற்ப ஓட்டுநர் உரிமம், அனுபவச் சான்று, ஐ.டி.ஐ. சான்று போன்றவை சேரும். அரசு மருத்துவரின் உடற்தகுதிச் சான்றை விண்ணப்பத்தோடு கேட்கிறார்களா, தேர்வான பிறகா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நகல்களில் ‘அ’ அல்லது ‘ஆ’ பிரிவு அரசு அலுவலரின் சான்றொப்பம் வேண்டும் என்று இருந்தால், நீங்களே கையெழுத்திட்ட நகல் செல்லாது. அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அரசு மருத்துவர், தாசில்தார் போன்றவர்களை அணுகலாம். அவர்கள் உங்களுக்குக் கடமைப்பட்டவர்கள் அல்லர். மூலச் சான்றுகளை எடுத்துக்கொண்டு, வேலை நேரத்தில் பொறுமையாகப் போய்க் கேளுங்கள். மூலச் சான்றை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பிவிட்டு, அதைத் திரும்பப் பெறக் கண்ணீரோடு நின்ற ஒரு தாயைப் பார்த்த பிறகு, இதை ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

இந்து என்பதற்கு என்ன சான்று? என் மனைவி கிறிஸ்தவர். அதனால் எனக்குத் தடை வருமா?

1959ஆம் ஆண்டின் இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஆணையர் முதல் கடைநிலைப் பணியாளர் வரை இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்படுபவர் இந்து மதத்தைப் பின்பற்றுபவராக இருக்க வேண்டும் என்கிறது. மதம் மாறினால் அந்தப் பதவியும் போகும். ஆகவே துறை வேலைக்கும் கோயில் வேலைக்கும் இந்த நிபந்தனை உண்டு. விளம்பரங்களில் ‘இந்து மதத்தைச் சார்ந்தவராகவும் இறை நம்பிக்கை உடையவராகவும்’ என்று எழுதியிருப்பது இதனால்தான்.

பள்ளி மாற்றுச் சான்றும் சாதிச் சான்றுமே பொதுவாக ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிபந்தனை விண்ணப்பதாரரைப் பற்றியது. சட்டம் கேட்பது உங்கள் மதத்தை. மனைவியின் மதத்தை மறைக்கவோ மாற்றிச் சொல்லவோ எந்தத் தேவையும் இல்லை. விண்ணப்பத்தில் பொய் எழுதினால்தான் பின்னால் வேலைக்கு ஆபத்து.

கோயில் நடத்துகிற கல்லூரியில் அலுவலக வேலை கேட்கிறேன். அங்கேயும் இந்துவாக இருக்க வேண்டுமா?

நீதிமன்றம் வரை போன கேள்வி இது. சென்னை கொளத்தூரில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் சார்பில் தொடங்கப்பட்ட கலை அறிவியல் கல்லூரிக்கு 2021இல் வந்த விளம்பரம் இந்துக்களை மட்டுமே அழைத்தது. அதை எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. கோயில் நிதியில் நடக்கும் நிறுவனம் என்பதால் மேலே சொன்ன 10ஆம் பிரிவு அங்கும் பொருந்தும் என்று கூறி 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கோயில் நடத்தும் பள்ளி, கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்?

வேலையைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் கேட்பார்கள். எந்தக் கோயிலுக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதன் மூலவர் பெயர், தாயார் அல்லது அம்பாள் பெயர், தலவிருட்சம், தீர்த்தம், முக்கிய விழா, ஒரு நாளின் பூசைக் காலங்கள், நடை திறக்கும் நேரம் ஆகியவை தெரிந்திருக்க வேண்டும். திருவண்ணாமலைக்குப் போகிறவருக்குத் தலவிருட்சம் மகிழம் என்பதும் கார்த்திகைத் தீபக் கொடியேற்றம் முதல் மகாதீபம் வரையான பத்து நாள் நடைமுறையும் தெரியாமல் இருக்கலாகாது. பழனிக்குத் தைப்பூசமும் பங்குனி உத்திரமும், சமயபுரத்துக்குப் பூச்சொரிதலும், திருவரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசியும் அப்படித்தான்.

இதற்காகப் புத்தகம் வாங்க வேண்டாம். ஒரு முழு நாளை அந்தக் கோயிலில் செலவிடுங்கள். காலை நடை திறப்பிலிருந்து அர்த்தசாமம் வரை இருந்து, நீங்கள் கேட்கும் வேலையை இப்போது செய்துகொண்டிருப்பவரைப் பாருங்கள். சீட்டு விற்பவர் கூட்டத்தில் எப்படிச் சில்லறை கொடுக்கிறார், காவலர் வரிசையை எப்படி ஒழுங்குபடுத்துகிறார் என்று பார்த்தவர் பேசும்போது, கேட்பவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். அந்த ஒரு நாளில் இன்னொன்றும் நடக்கும்: இந்த வேலை நமக்கு ஆகுமா ஆகாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெண்கள் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. அலுவலகம், சீட்டு விற்பனை, தூய்மைப் பணி, தோட்டம் போன்றவற்றில் பெண்கள் வேலை செய்கிறார்கள். சில இடங்களுக்கு ஆண்கள் மட்டும் என்று விளம்பரத்திலேயே இருந்தால் அதற்கு விண்ணப்பித்துப் பயனில்லை. அப்படிச் சொல்லப்படாத எதற்கும் தயங்க வேண்டாம். சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021இல் பெண் ஓதுவார் ஒருவர் நியமிக்கப்பட்டார்.

சம்பளம் எவ்வளவு வரும்?

கோயிலைப் பொறுத்தது. ஆண்டு வருமானம் 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கோயில்கள் சட்டத்தின் 46ஆம் பிரிவில் மேல்நிலைப் பட்டியலில் வருகின்றன. அங்கே இளநிலை உதவியாளர், சீட்டு விற்பனையாளர் இடங்களுக்கு 18,500–58,600 என்றும், காவலர் போன்ற இடங்களுக்கு 15,900–50,400 என்றும் விளம்பரங்களில் காணலாம். அதே காவலர் வேலைக்கு வருமானம் குறைந்த கோயிலில் 11,600–36,800 என்று இருக்கும். தூய்மைப் பணியாளருக்கு 10,000–31,500 என்ற விகிதம் அடிக்கடி வருகிறது.

இரண்டாவதாக உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 15,900–50,400 என்றால் நீங்கள் சேர்வது 15,900 அடிப்படை ஊதியத்தில்; மேல் எண் பல ஆண்டு ஊதிய உயர்வுகளுக்குப் பிறகு எட்டக்கூடிய எல்லை. அகவிலைப்படி போன்றவை தனி. சில இடங்கள் தொகுப்பூதியம் என்று வரும். அங்கே மாதம் இவ்வளவு என்ற ஒரே தொகைதான், விகிதமும் உயர்வும் கிடையாது. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் சேர்ந்துவிட்டு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலை சுலபமாக இருக்குமா? கோயில்தானே?

இருக்காது. உலகமே விடுமுறையில் இருக்கும் நாளில்தான் உங்களுக்கு வேலை அதிகம். பொங்கல், தீபாவளி, ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, மார்கழி அதிகாலை எதிலும் வீட்டில் இருக்க முடியாது. திருவிழாக் காலத்தில் விடுப்புக் கிடைப்பது கடினம். முறை வைத்து இரவுப் பணியும் வரும். பெரிய கோயிலின் பணியாளரை அதன் உபகோயிலுக்கு அனுப்பலாம். அது பல கிலோமீட்டர் தள்ளி, மனித நடமாட்டமே இல்லாத மலையடிவாரமாகவும் இருக்கலாம். உபகோயில் இரவுக் காவலரின் பொறுப்பு மிகப் பெரியது. சிலைத் திருட்டு நடந்த எத்தனையோ கோயில்கள் காவல் இல்லாமல் கிடந்தவை.

இதையெல்லாம் சொல்லிய பிறகும் ஆர்வம் குறையாதவர்களுக்கு இது நிறைவான வேலை. அப்படிப்பட்டவர்கள் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

என் அப்பா அந்தக் கோயிலில் முப்பது ஆண்டு காவலராக இருந்தார். எனக்கு உரிமை உண்டா?

பரம்பரை உரிமை கிடையாது. கோயில் பணிகளில் அடுத்த வாரிசு என்ற அடிப்படையில் நியமனம் கோரும் உரிமையைத் தமிழ்நாடு 1971இல் சட்டத் திருத்தத்தின் மூலம் நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. சட்டத்தின் 55ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அப்பா ஓய்வு பெற்றிருந்தால் நீங்களும் மற்றவர்களைப் போலவே விண்ணப்பிக்க வேண்டும்.

பணியில் இருக்கும்போதே அப்பா இறந்திருந்தால் நிலைமை வேறு. கருணை அடிப்படையிலான நியமனம் கோயில் பணியாளர் குடும்பங்களுக்கும் வழங்கப்படுகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றோடு செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். துக்கம் ஆறட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போட்டால் கோரிக்கை வலுவிழந்துவிடும்.

ஆறு ஆண்டாகக் கோயிலில் தினக்கூலியாக வேலை செய்கிறேன். நிரந்தரம் ஆகுமா?

தானாக ஆகாது. முறையான விளம்பரமும் தேர்வும் இல்லாமல் சேர்ந்தவர்கள், நெடுநாள் வேலை செய்ததை மட்டும் காட்டி நிரந்தரம் கோர முடியாது என்று கர்நாடக அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றும் நீதிமன்றங்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய தற்காலிகக் கோயில் பணியாளர்களைப் பணிவரன்முறை செய்வதாக, அதாவது நிரந்தரமாக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. அதன்படி பலர் ஆணை பெற்றார்கள். அத்தகைய அரசு முடிவு வரும்போது பயன்பெற வேண்டுமானால் நீங்கள் வேலை செய்ததற்குக் காகிதம் வேண்டும்: வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர், சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கில் வந்த தொகை. கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு எங்கும் பெயர் இல்லாமல் இருப்பவர்கள் இன்றே செயல் அலுவலரிடம் இதை எழுப்ப வேண்டும்.

மூன்று லட்சம் கொடுத்தால் வேலை உறுதி என்று ஒருவர் சொல்கிறார். பெரிய ஆட்களைத் தெரியுமாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, போலி நியமன ஆணையோடு கோயில் அலுவலக வாசலில் போய் நின்றவர்களின் கதைகள் ஒவ்வொரு மாவட்டக் காவல் நிலையத்திலும் உண்டு. இந்தத் தரகர்களின் கணக்கு எளிமையானது. பத்துப் பேரிடம் வாங்குவார்கள். அவர்களில் இரண்டு பேர் தம் தகுதியாலேயே தேர்வாவார்கள். தாங்கள் வாங்கிக் கொடுத்ததாக அந்த இருவரையும் காட்டி அடுத்த ஆண்டு இருபது பேரைப் பிடிப்பார்கள்.

வேலைக்காகப் பொது ஊழியருக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி லஞ்சம் கொடுத்தவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அந்தப் பிரிவிலிருந்து பாதுகாப்பு உண்டு.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். வங்கி வழியாகவோ செல்பேசிச் செயலி வழியாகவோ அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பணத்தை முடக்க முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மாவட்டக் குற்றப் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம். குரல் பதிவு, செய்திகள், சாட்சிகள் எதையும் அழிக்காதீர்கள். பணம் போனது உண்மையாகவே பணியில் இருக்கும் அலுவலரிடம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுங்கள். மேலே சொன்ன ஏழு நாள் கெடுவை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

நேர்முகம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. எந்தத் தகவலும் இல்லை.

நியமிக்கும் அதிகாரம் அறங்காவலர் குழுவுக்கு உரியது; குழு இல்லாத கோயிலில் தக்கார் எனப்படும் பொறுப்பாளர் அந்த இடத்தில் இருப்பார். குழுவின் பதவிக்காலம் முடிந்துவிடுவது, நீதிமன்றத் தடை, தேர்தல் நடத்தை விதி என்று பல காரணங்களால் பட்டியல் தேங்கிப்போகும். முதலில் உங்கள் ஒப்புகை நகலோடு கோயில் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் மண்டல இணை ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

‘எனக்கு ஏன் வேலை தரவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. எத்தனை விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன, தேர்வுப் பட்டியல் இறுதி செய்யப்பட்டதா, எந்தத் தேதியில், தடை ஏதேனும் உண்டா என்று ஆவணத்தில் இருக்கக்கூடியதைக் கேளுங்கள். முறைகேடு நடந்தது ஆவணத்திலேயே தெரிந்தால் இணை ஆணையருக்கும் ஆணையருக்கும் மனு, அதன் பிறகு உயர் நீதிமன்றம். தென்மாவட்டத்தவர்களுக்கு மதுரைக் கிளை.

கோயில் வேலையில் சேர்ந்துவிட்டு குரூப் 4, குரூப் 8 எழுதலாமா?

எழுதலாம், எழுதவும் வேண்டும். குறிப்பாக குரூப் 8க்கான பாடத்திட்டத்தில் இந்து சமயம், சைவம், வைணவம் தனித்தாளாகவே இருப்பதால் கோயிலில் இருப்பவருக்கு அது அன்னியமாக இருக்காது. சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பதானால் செயல் அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்துத் தடையின்மைச் சான்று பெறுங்கள். தேர்வாணைய விண்ணப்பத்தில் தற்போதைய வேலையை மறைக்காமல் குறிப்பிடுங்கள். வயது வரம்பு இரண்டு பக்கத்துக்கும் ஒன்றல்ல என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். முப்பதை நெருங்குகிறவர்கள் தேர்வாணையத் தேர்வை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் விளம்பரங்களுக்கு அதன் பிறகும் ஆண்டுகள் இருக்கின்றன.